தள்ளிக் கட்டிய கழிப்பறை

என் அப்பா இறந்த இடத்தை வருஷத்துக்கு ஒருநாள்தான் எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஆயுத பூஜை அன்று. திருவொற்றியூரில், எங்கள் சந்துக்குப் பக்கத்திலேயே இருந்த இரும்பு வார்ப்படக் கம்பெனி அது. அப்பா அங்கே கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டிவிடுகிற வேலையில் இருந்தார். ஒருநாள் சங்கிலி அறுந்துவிட்டது. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேனாம். ஆக, அப்பா என்று எனக்குத் தெரிந்தது சுவரில் மாட்டிய ஒரு போட்டோ, அப்புறம் அந்த இடம். இரண்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது இதை எழுதக் கூச்சமில்லை. சின்ன வயதில் வெளியே சொல்லியிருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

மற்ற நாட்களில் ஈ காக்கா நுழைய முடியாத அந்த கேட், ஆயுத பூஜையன்று குடும்பங்களுக்காக அகலமாகத் திறக்கும். மெஷின்களுக்கெல்லாம் விபூதிப் பட்டையும் சந்தனமும் வைத்து, கலர்த்தாள் தோரணம் கட்டி, வாழைக்கன்று நிறுத்தியிருப்பார்கள். அவரவர் வீட்டுக்காரர் அவரவர் மெஷினைப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் காட்டுவார். அப்படிக் காட்டும்போது அந்த ஆண்களின் முகத்தில் ஒரு கல்யாணக் களை வரும். எங்களுக்குக் காட்ட ஆள் இல்லாததால் அப்பாவோடு வேலை செய்த ஒரு மாமா கூட்டிப்போவார். உறவு ஒன்றும் இல்லை, அப்பாவின் தோஸ்து. எல்லா மெஷினையும் சுற்றி, உலையைச் சுற்றி, கடைசியில் ஒரு தூணடிக்கு வருவோம். அந்தத் தூணின் சிமென்ட் பீடத்துக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்துச் சிவப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். மஞ்சள்தூள் பூசினால் வார்ப்பு மணல் ஏறி ரெண்டே நாளில் கறுத்துவிடுகிறது என்று அப்பாவின் சிநேகிதர்களே செய்த ஏற்பாடு. பெயிண்ட் என்றால் நிற்கும்.

அம்மாவுக்கு இருந்த ஒரே இடம் அது. எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவை எந்த மூலையில் புதைத்தார்கள் என்று அம்மா பார்த்ததில்லை. விபத்தில் போன உயிர், போன இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும், வருஷத்துக்கு ஒருமுறையாவது வீட்டு ஆள் முகம் காட்டினால்தான் அலையாமல் இருக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தூணடியில் சூடம் ஏற்றி அம்மா அழுவாள். கூட வந்த பெண்களும் அழுவார்கள். அழுதுகொண்டே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அழுகை வராது. பொரிகடலைப் பொட்டலத்தை எப்போது கொடுப்பார்கள் என்றுதான் இருக்கும். குழந்தைக்கு என்ன தெரியும் என்று யாராவது சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவார்கள். குழந்தை வளர்ந்து பாவாடை தாவணி போட்ட பிறகும் இதே கதைதான். அப்போது யாரும் காப்பாற்ற வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு கிழவி என் காதுபடவே சொன்னாள். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது கம்பெனியை மூடினார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்கள் கேட்டுக்கு வெளியே கூடி, பூட்டுக்குச் சந்தனம் வைத்து, ரோட்டிலேயே பூசணிக்காய் உடைத்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அம்மா கேட்டின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே சூடம் ஏற்றினாள். அங்கிருந்து தூண் தெரியாது. தெரியும் என்று சொன்னாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். முதலில் மெஷின்கள், அப்புறம் கூரைத் தகரம். தூண்களை கேஸ் வைத்துத் தரையோடு அறுத்து லாரியில் ஏற்றினார்கள். இடிபாட்டை அப்படியே பரப்பிவிட்டுப் போனார்கள். மழை பெய்தது, சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. எங்கள் சந்துப் பக்கம் இருந்த மதில் ஒரு இடத்தில் சரிந்து விழுந்தது. அந்த ஓட்டைதான் எங்கள் சந்துப் பெண்களுக்குக் கதவாகிவிட்டது.

எங்கள் சந்தில் இருந்தவை வரிசை வீடுகள். எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிய கக்கூஸ் அடைத்துக்கொண்டு கதவும் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆண்களுக்குக் கடற்கரைப் பாறை இருந்தது. பெண்கள் விடியுமுன் அந்தக் கருவேலம் புதருக்குள் போய்வர வேண்டும். விட்டால் பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை எங்கள் சந்துப் பெண்கள் ஏதோ விரதம்போலப் பழகியிருந்தார்கள். மணலி எண்ணெய் ஆலையிலிருந்து காற்றில் வரும் நாற்றத்தை ஊரே குறை சொல்லும். எங்களுக்கு அது சௌகரியம்தான், எங்கள் நாற்றம் அதில் தெரியாது.

அம்மாவும் அங்கேதான் போவாள். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தானும் தொடமாட்டாள், மற்றவர்களையும் விடமாட்டாள். செங்கல் குவியலுக்கு நடுவே தானாக ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது. அதுதான் தூண் இருந்த இடம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கேட்டிலிருந்து நடந்துவந்தால் சரியாக அங்கேதான் வருகிறது என்றாள். ஆயுத பூஜைக்கு நாங்கள் ஒருநாளும் கேட்டிலிருந்து நேராக நடந்து வந்ததில்லை. கூட்டத்தோடு இங்கும் அங்கும் சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு வந்தவள் அவள். கூரையும் சுவரும் இல்லாத வெற்றுத் தரையில் யாருக்குத்தான் அடையாளம் தெரியும். ஆனால் கட்டாந்தரையில் வேம்பு தானாக முளைத்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம். சந்துப் பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். யாராவது அவசரத்தில் அந்தப் பக்கம் ஒதுங்கினால் அம்மா விடிகாலையில் ஒரு பாட்டம் சண்டை போடுவாள். எனக்கு அவமானமாக இருக்கும்.

நான் படிப்பை முடித்து, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நிலத்துக்கு விடிவு வந்தது. பெரும்பங்கு கன்டெய்னர் யார்டாகப் போனது. சட்டப்படி பொதுவுக்கு விட்டாக வேண்டிய மூலை நிலம், எங்கள் சந்தை ஒட்டிய பக்கம், நகராட்சிக்கு வந்தது. அதில் பூங்கா வரப்போகிறது என்று போர்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பூங்கா. சினிமாவில் காதலர்கள் பாடுகிற இடம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஆண்கள் சந்தோஷப்பட்டார்கள். பெண்களுக்கோ சரிந்த மதிலை எடுத்துக் கட்டிவிடுவார்களே என்ற கவலை.

சந்தில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். வாய்க்குப் பேர் போனவள். அவள்தான் பெண்களைத் திரட்டிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். பூங்கா கட்டுங்கள், ஆனால் எங்கள் சந்துப் பக்கம் கதவு வைத்துப் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எப்படியோ ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சந்தில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு, அந்த அக்காவின் உபயம்.

கருவேலத்தை வெட்டி, தரையைச் சமன்செய்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். நடைபாதை ஒரு வளையம். நடுவில் ஒரு செயற்கை ஊற்று. சறுக்குமரத்துக்கு ஒரு சதுரம். சந்து ஓரமாகக் கழிப்பறைக்கு ஒரு சதுரம். அந்தச் சதுரம் வேப்பங்கன்றின்மேல் விழுந்திருந்தது.

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. காசிமேட்டில் இறால் உரிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை, ஒருநாள் போகாவிட்டாலும் கூலி போய்விடும். அவள் போய்க் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் சின்னப் பையன், தெற்குச் சீமையிலிருந்து வந்தவன், 'அம்மா அம்மா' என்று மரியாதையாகத்தான் பேசினான். தன் கையில் ஒன்றும் இல்லை, நகராட்சி ஆபீசில் இருக்கிற பெரியவரைத்தான் கேட்க வேண்டும் என்றான். அம்மா பெரியவரைப் பார்க்கப் போய் வராந்தாவில் காத்திருந்து, என் புருஷன் உயிர் போன இடத்தில் கக்கூஸ் கட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் கழிப்பறையையே பிளானிலிருந்து எடுத்துவிடலாம், அந்த இடத்தில் புல் போட்டால் வேலையும் மிச்சம் என்றாராம். அவருக்கு அது ஒரு கோடு அழிக்கிற வேலை.

செய்தி அம்மாவுக்கு முன்னாலேயே சந்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சாயந்திரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். மீன் விற்கும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா கதவு நிலையில் சாய்ந்திருந்தாள்.

"செத்துப்போனவருக்கு எடம் தேடிகினு கீறியே, உசுரோட கீறவளுங்க எங்க போய் குந்தறது? உம் பொண்ணு எங்க போவா, சொல்லு," என்று அந்த அக்கா கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினேன். அப்பாவுக்காகவும் பேசத் தோன்றவில்லை, அவர்களுக்காகவும் பேசத் தோன்றவில்லை. எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வெளியே பேச்சு ஓய்கிறவரை அம்மா வாசலிலேயே நின்றாள்.

மறுநாள் அம்மா மறுபடியும் சூப்பர்வைசரிடம் போனாள். எடுக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போதும் என்று கேட்டாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பழைய கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு, சந்தை ஒட்டியே ஒரு பஸ் நீளத்துக்குத் தள்ளிப் புதிதாகக் கோடு போட்டானாம். பெரியவரைக் கேட்டானா இல்லையா என்று தெரியாது. அவனுக்கும் ஊரில் அப்படி ஒரு இடம் இருந்ததோ என்னவோ. அம்மா அன்று ராத்திரி சுவரில் இருந்த போட்டோவைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் சிரித்துப் பேசினாள்.

அஸ்திவாரம் தோண்டினார்கள், சுவர் எழுந்தது, டைல்ஸ் ஒட்டினார்கள். நான் காலையில் பஸ் பிடிக்க ஓடும்போதும் திரும்பி வரும்போதும் பார்ப்பதோடு சரி. வேலை நடந்த அந்த மாதங்களில் அப்பாவின் தோஸ்தான மாமா அங்கே வாட்ச்மேனாக இருந்தார். கம்பெனி மூடிய பிறகு கிடைத்த வேலைகளில் அதுவும் ஒன்று. பழைய கம்பெனி வாசலுக்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு காவல் காக்கிறேன் என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார்.

திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டி, சாக்லேட் கொடுத்து, ஊற்றைப் போட்டுக் காட்டினார்கள். தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. கைதட்டினோம். கூட்டம் கலைந்த பிறகு மாமா என்னை மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாறை எதிலோ இடித்ததாம். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் சிமென்ட் பீடம். அதில் மஞ்சள் பெயிண்ட். பொட்டுகூட அழியவில்லையாம்.

"உங்கம்மா பாக்கறதுக்குள்ள நானே மண்ண தள்ளி மூடிட்டேன்மா. அதும்மேலயே கட்டிட்டானுங்க. உன்கிட்ட மட்டும் சொல்றேன். உங்கம்மா காதுக்குப் போவக்கூடாது."

தள்ளிக் கட்டச் சொன்னதால்தான் அது சரியாக அப்பாவின் தலையில் போய் உட்கார்ந்தது. கோட்டை மாற்றாமல் விட்டிருந்தால் வெறும் செங்கல் குவியலின்மேல் நின்றிருக்கும். மாமா அழுதார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதை எப்படியோ இருமலாக மாற்றிக்கொண்டேன். அப்புறம் ஒன்றும் இல்லை. கையில் இருந்த சாக்லேட் உருகி உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கழிப்பறையைத் திறந்தார்களே தவிர, அதைக் கழுவ ஆள் வரவில்லை. கொஞ்ச நாளில் பழைய கக்கூஸ் கதிதான் இதற்கும் என்று சந்தில் பேசத் தொடங்கினார்கள். அப்போது அம்மா ஒருநாள் இறால் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கழிப்பறை கழுவுகிற வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டு வாங்கியிருந்தாள். கூலியும் இறாலைவிடக் குறைவு.

நான் கத்தினேன். எங்கள் வீட்டில் நான் கத்திய ஒரே நாள் அது. ஊர் சிரிக்கும் என்றேன், எனக்கு மாப்பிள்ளை பார்க்க எவன் வருவான் என்றேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. தன் புருஷன் செத்த இடத்தில், அது தெரியாமலே, ஊரார் மலத்தை இவள் கழுவப்போகிறாள். இறால் நாற்றத்துக்கு இது ஒன்றும் மோசமில்லை என்று சொல்லிவிட்டு அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

அதை அவள் கழுவியதுபோல எங்கள் வீட்டைக்கூடக் கழுவியதில்லை. விடியுமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பினாயில் தெளித்து, வாசலில் ஒரு கோலம் போடுவாள். கழிப்பறைக்குக் கோலம். பூங்காவில் நடக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். மீன் விற்கும் அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்குச் சுறாவும் வஞ்சிரமும் சும்மா வரும்.

வேப்பங்கன்று வளர்ந்து மரமானது. ஆயுத பூஜைக்கு அம்மா அதன் அடியில் சூடம் ஏற்றுவதைப் பார்த்து, யாரோ ஒரு பெண்மணி மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினாள். இன்னொருத்தி வளையல் மாட்டினாள். ஒரு ஆடியில் பார்த்தால் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், மரத்தடியில் ஒரு சூலமும் நட்டாகிவிட்டது. அப்பா அம்மனாகிவிட்டார். எனக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அந்த அம்மனின் அருள்தான் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி வியாசர்பாடிக்குப் போனேன். மாமியார் வீட்டில் தனிக் கழிப்பறை இருந்தது, ஒரு வாரத்துக்கு எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. அம்மாவைப் பார்க்க வந்து போவேன். வந்தால் அந்தப் பூங்காக் கழிப்பறைக்கு மட்டும் போகமாட்டேன். கட்டிய நாளிலிருந்தே போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருவில் கூடப் படித்தவள் வீட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போவேன். இது எனக்கே விளங்காத விஷயம். அந்த மனிதருக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை, போட்டோவைப் பார்த்தால் யாரோ ஒரு மீசைக்காரர். ஆனாலும் அந்தக் கதவருகே போனால் கால் நின்றுவிடும்.

மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது ஆயுத பூஜைக்கு வந்தேன். வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. வழியில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நகரவே இல்லை. இறங்கி நேராகப் பூங்காவுக்கு வந்தேன். மரத்தடியில் கூட்டம். அம்மா சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரி கொடுத்தாள். அவசரத்தில் என்னால் நிற்க முடியவில்லை. சிநேகிதி வீட்டுக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அம்மா பொரிப் பையை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் பின்னாலேயே வந்தாள். சறுக்குமரத்தைத் தாண்டியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எதிரே கழிப்பறை. வாசலில் காலையில் போட்ட கோலம், அன்றைக்கு நடுவில் ஒரு பூசணிப்பூவும் வைத்திருந்தாள்.

"எத்தினி வருசமா இப்டி அடக்கிகினு கீற? வவுத்துல புள்ளைய வெச்சிகினு. போய்ட்டு வா. உங்கப்பா ஒண்ணியும் சொல்லமாட்டாரு."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேனா, கேட்க வாயெடுத்தேனா என்று இப்போது நினைவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், புடவையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். அஸ்திவாரம் தோண்டிய அன்று அவள் வேலை ஆட்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மாமா அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடுவதை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். மஞ்சள் நிறம் கண்ணில் பட்டதும் புரிந்துவிட்டதாம். சத்தம் போடாமல் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

"பாவம், எனக்காண்டி பயந்துகினே மூடினாரு அண்ணன். இன்னொரு தபா தள்ளுங்கன்னு போய் நின்னா, கக்கூசே வோணாம்னு உட்டுட்டு போயிருப்பானுங்க. அப்பால நீங்கல்லாம் எங்க போவீங்க? சரி, அவரு எடத்த நாமளே சுத்தமா வெச்சிக்கலாம்னுதான் அந்த வேலைய கேட்டேன்."

அந்த மரத்துக்கு எதற்குச் சூடம் என்று கேட்டேன். ஊரே வந்து கும்பிடும்போது நாம் பாதியில் விட்டால் நன்றாக இருக்காது என்றாள். அதோடு, தன் புருஷன் இருப்பது எங்கே என்று ஊருக்குத் தெரிந்தால் ஒருத்தியும் அதற்குள் கால் வைக்கமாட்டாள், மறுபடியும் இருட்டுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றாள். சொல்லிவிட்டு என் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினாள்.

கோலத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனேன். டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. மூலையில் ஊதுவத்தி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கதவைத் தாழ்போட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பொரிப் பொட்டலத்துக்காகக் காத்து நின்ற அத்தனை வருஷமும் வராதது, வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. வயிற்றில் பிள்ளை புரண்டது. அப்பா என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், அந்தச் சொல்லை நான் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. கதவுக்கு வெளியே யாரோ ஒரு பெண் அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது. "உள்ள ஆள் கீதுமே, செத்த நில்லு," என்று அம்மா அவளை நிறுத்திவைத்துக்கொண்டிருந்தாள்.